அடுத்த கேஸ்

பழைய செய்தித்தாளை நான்காக மடித்து, அட்டைக்குள் வைத்து, சிவப்பு நாடாவால் கட்டுவதுதான் அந்த வீட்டில் அவளுடைய முதல் வேலை. பத்தரை மணிக்குள் எட்டுக் கட்டு தயாராக வேண்டும். முடிச்சு ஒரே இழுப்பில் அவிழ வேண்டும். இல்லாவிட்டால் ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். இன்று அவள் கை வேலையில் ஓடவில்லை. இரண்டு கட்டுக்கு ஒரு தடவை எழுந்துபோய் ஜன்னல் வழியாகக் கேட்டை எட்டிப் பார்த்தாள். வாட்ச்மேன் கூண்டுக்குப் பக்கத்தில், பிளாஸ்டிக் ஸ்டூலில், அவள் கணவன் உட்கார்ந்திருந்தான். உடம்பில் காக்கிச் சட்டை. வேலையிலிருந்து நிறுத்திவைத்து மூன்று வாரமாகியும் காலையில் அந்தச் சட்டையைத்தான் எடுக்கிறான். இன்று பொத்தானை ஓட்டை மாற்றிப் போட்டிருந்தான். வரும் வழியில் பஸ்ஸில் வைத்து அவள்தான் சரிசெய்தாள்.

ஐயா ஓய்வுபெற்ற தலைமை நீதிபதி. அவர் எழுதிய தீர்ப்புகளைச் சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு நான்கு வருஷமாக ஞாபகம் நழுவிக்கொண்டே போகிறது. பெற்ற மகளையே "நீங்க யாரு, என்ன மனு?" என்று கேட்கிறார். ஆனால் பத்தரை அடித்தால் போதும், உடம்பு பரபரத்துவிடும். கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று வாசலைப் பார்த்து நடப்பார். தடுத்தால் கை நீளும். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் இரண்டு அடி வாங்கினாள். மூன்றாவது விழுவதற்குள் ஒரு யோசனை வந்தது. சாப்பாட்டு மேசைமேல் கட்டுகளை அடுக்கி, "எல்லாரும் எழுந்திருங்க" என்று குரல் கொடுத்துப் பார்த்தாள். அவர் நாற்காலியில் அமர்ந்தார். அன்றிலிருந்து தினமும் அந்த வீட்டில் கோர்ட் நடக்கிறது, கிளார்க் அவள்தான்.

ஐயாவைக் கவனித்துத்தான் புருஷனுக்கு என்ன நேர்ந்திருக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது. அவன் பால் பாக்கெட்டைத் துணி அலமாரிக்குள் வைத்தபோது சிரித்தாள். தெருமுனையில் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றபோது கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள். பஸ் ஓட்டும் அவனுக்கு டெப்போவில் 'மணிக்கூண்டு' என்று பட்டப்பெயர். அவன் பஸ்ஸைப் பார்த்துக் கடைக்காரர்கள் கடிகாரம் திருத்துவார்களாம். அந்த மணிக்கூண்டு போன மாதம் நாற்பது பேரை ஏற்றிக்கொண்டு, பத்து வருஷத்துக்கு முன்பே எடுத்துவிட்ட பழைய தடத்தில் ஓட்டிப் போய்விட்டான். கண்டக்டர் விசிலை ஊதி ஊதிப் பார்த்தார். இல்லாத நிறுத்தங்களில் எல்லாம் நிமிஷம் பிசகாமல் வண்டி நின்று கிளம்பியது. குடித்திருந்தான் என்று எழுதிவிட்டார்கள். ஆயுசில் அவன் தொட்டதில்லை.

நாளைக்கு விசாரணை. குடி என்று முடிந்தால் வேலையும் போகும், ஓய்வூதியமும் போகும். நோய் என்று ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்தால் இரண்டும் தப்பும். அதற்கு டெப்போவில் ஒரு படிவம் தருகிறார்கள், எண் போட்டு, சீல் குத்தி, ஆளுக்கு ஒன்றுதான். மேல்பாதியில் குற்றச்சாட்டும் வேண்டுகோளும், கீழ்ப்பாதி டாக்டருக்கு. பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு டாக்டரைப் பார்க்க நான்கு மாதம் கழித்துத் தேதி கொடுத்திருந்தார்கள். அதே டாக்டர் மாதம் ஒருமுறை ஐயாவைப் பார்க்க இந்த வீட்டுக்கு வருகிறார். ஒரு வார்த்தை சொல்கிறேன் என்று ஐயாவின் மகள் ஒத்துக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கையில், டாக்டர் வந்ததும் நீட்டத் தோதாக, அவள் படிவத்தை உறையிலிருந்து எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்திருந்தாள்.

டாக்டர் பதினொன்றுக்கு வரவேண்டியவர், பதினொன்றரை ஆகியும் காணோம். ஐயா எட்டுக் கட்டையும் முடித்துவிட்டார். விரலால் மேசையைத் தட்டத் தொடங்கினார்.

"கிளார்க், அடுத்த கேஸ்."

இன்றைக்கு அவ்வளவுதான் என்றாள். தட்டல் பலமானது. அவள் கேட்டைப் பார்த்தாள். ஸ்டூல் காலி. பதறி ஜன்னலுக்கு ஓடினாள். அவன் நாலடி தள்ளி நின்று, நிறுத்தியிருந்த வேன் ஒன்றின் டயரை உதைத்துக் காற்று பார்த்துக்கொண்டிருந்தான். மூச்சு வந்தது. திரும்பினால், படிவம் ஐயாவின் கையில் இருந்தது.

பிடுங்கியிருக்க வேண்டும். பிடுங்கத்தான் கையை நீட்டினாள். அதற்குள் அவர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார்.

"குடிச்சிருந்தான்னு எழுதியிருக்கே. ஊதச் சொல்லிப் பாத்தாங்களா?"

"இல்லைங்க ஐயா."

"ரத்தம் எடுத்தாங்களா?"

"இல்லைங்க."

"அப்போ எதை வச்சு எழுதினாங்க?"

மூன்று வாரமாக டெப்போவில், யூனியன் ஆபீசில், ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனையோ பேரிடம் நின்றிருக்கிறாள். ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. பழைய தடம், விசில், பால் பாக்கெட் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நடுவில் பேசாமல் கேட்டார். பிறகு பேனாவைத் திறந்து, கீழ்ப்பாதி முழுவதும், கை நடுங்காமல் எழுதினார்: 'சோதனையின்றிக் குற்றம் சாட்டியது தவறு. ஊழியரை மருத்துவரிடம் அனுப்பி, அறிக்கை பெற்ற பின்னரே விசாரிக்க.' அடியில் நாடறிந்த அந்தக் கையெழுத்து.

மூடியைத் திருகும்போது, இது யாருடைய வீடு, எப்போது கிளம்பலாம் என்று அவளிடம் கேட்டார்.

டாக்டர் வந்தார். மகள்தான் முதலில் தாளைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டாக்டரும் இரண்டு தடவை படித்துவிட்டு, தொழில் பழக்கம் கடைசியில்தான் போகும் என்றார். மகளின் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். "இந்த நோய் ஆளைப் பாத்து வர்றதில்லைம்மா. நீதிபதியா கூலிக்காரனான்னு கேக்காது. நீங்க இவரை நல்லா வச்சிருக்கீங்க."

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு, புருஷனுக்காக அவள் வாயைத் திறந்தாள். மகளும் சொன்னபடி ஒரு வார்த்தை சொன்னாள். டாக்டர் பொறுமையாகவே கேட்டார். ஆளைச் சோதிக்காமல் எழுத முடியாது என்றார். ஆள் கேட்டில்தான் இருக்கிறார், கூப்பிடட்டுமா என்றாள். ஒரு வீட்டுக்கு வந்த இடத்தில் வேறு ஆளைப் பார்ப்பதில்லை, அப்புறம் எல்லாரும் கேட்பார்கள் என்றார்.

"தேதி கொடுத்திருக்காங்கல்ல, அன்னைக்குக் கூட்டிட்டு வாங்க, நல்லா பாக்கறேன். அதோட, இதுல நான் எழுத இடம் எங்க இருக்கு?"

இடம் இல்லைதான்.

டாக்டர் ஐயாவின் ரத்த அழுத்தத்தைப் பார்க்க உள்ளே போனார். மகள் தாளைக் கையிலேயே வைத்திருந்தாள். அப்பாவைப் பற்றி ஒரு சிறப்பு மலர் தயாராகிறது, கடைசிப் பக்கத்துக்கு இதைவிட எது வேண்டும் என்றாள். நாளைக்கு விசாரணை, இது ஒன்றுதான் இருக்கிறது என்று அவள் சொன்னாள்.

"இனிமே அங்க இது செல்லாதே. வேற ஃபாரம் வாங்கிக்கலாம், நான் போன் பண்ணிச் சொல்றேன். அப்பா கையெழுத்து திரும்பக் கிடைக்குமா, சொல்லுங்க?"

யாருக்கு, என்னவென்று போன் பண்ணுவாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. மகளுக்கும் தெரிந்திருக்காது. தாள் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் உறைக்குள் போனது. உறை வழியாக அவள் கணவனின் பணி எண் தெரிந்தது. இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். மாலைவரை அந்த வீட்டில் வேலை பார்க்க வேண்டும், இனிமேலும் வர வேண்டும்.

டாக்டரின் பையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தாள். கேட் குறுகல், எதிரே வேன் வேறு. அவர் காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறினார். ஸ்டூலிலிருந்து அவள் கணவன் எழுந்து போனான். காரின் முதுகில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினான்.

"வரலாம், வரலாம். ரைட்ல ஒடிச்சுக்குங்க. இன்னும் கொஞ்சம். போதும், நேரா போங்க."

சுவருக்கும் காருக்கும் நடுவே ஒரு கை இடைவெளி. எங்கும் உரசவில்லை. டாக்டர் கண்ணாடியை இறக்கினார்.

"ரொம்ப தேங்க்ஸ்ப்பா. டிரைவரா?"

"ஆமா சார். இருபத்தேழு வருஷம்."

"அதான். கை தப்பவே இல்லை."

கார் தெருமுனை திரும்பும்வரை அவன் கையை உயர்த்திப் பிடித்தபடி நின்றான். பிறகு அவளிடம் வந்தான். தலைமுடியை உள்ளங்கையால் படிய வாரிக்கொண்டான்.

"டாக்டர் வர்ற நேரமாச்சு. சட்டை சரியா இருக்கா, பாரு."

அவள் பார்த்தாள். பொத்தான்கள் எல்லாம் அதனதன் ஓட்டையில் இருந்தன.

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அவன் தலையாட்டிவிட்டு ஸ்டூலில் போய், முழங்கால்மேல் கைகளை வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான்.