கொட்டாஞ்சேனையில் இரண்டு பரப்பு

தில்லைநாதன் யூரியா வாங்கப் போன காலையிலிருந்து மேபல் வீட்டு மொட்டைமாடி நீளத் தொடங்கியது. அன்றைக்கும் அவர் வழக்கம்போல வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் மூன்று பாத்திகளுக்குத் தண்ணீர் மாறினார். நாலாவதின் வாயைக் காலால் மண் தள்ளி அடைத்துவிட்டு, "இதில கை வைக்காதையும். உரம் போட்டுத்தான் தண்ணி. நான் வந்து மாறுறன்," என்றார். "ஓம், உங்கட கீரையை நான் களவெடுக்கப் போறேல்லை," என்றாள் அவர் மனைவி சிவக்கொழுந்து. அவர் சிரித்தபடி படியிறங்கினார்.

அவர்கள் புன்னாலைக்கட்டுவனில் வெங்காயமும் மிளகாயும் வைத்தவர்கள். தொண்ணூற்றைந்துப் போரில் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தபோது அவர்களும் நடந்து, வன்னியில் கொஞ்சம், வவுனியா முகாமில் கொஞ்சம் என்று தேய்ந்து, கடைசியில் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறைக்கு வந்து சேர்ந்தார்கள். சும்மா இருந்த அந்த மாதங்களில் தில்லைநாதனின் உள்ளங்கைகள் எழுதுவினைஞரின் கைகளைப்போல மெதுத்துப்போயின. அந்த வெட்கத்தில் அவர் கைகளைச் சட்டைப்பைக்குள் வைத்தே திரிந்தார். மேபலை அவர்கள் கண்டது வெள்ளவத்தைச் சந்தையில். துறைமுகத்தில் வேலைசெய்து இறந்துபோன ஹியூபேட்டின் மனைவி, கொட்டாஞ்சேனைக்காரி, வாய்க்குப் பூட்டில்லாதவள். அவள் விலை பேசிக்கொண்டிருந்த கீரைப்பிடியைப் பார்த்து, "இது மாட்டுக்கும் ஆகாது," என்று தில்லைநாதன் கேளாமலே சொன்னார். "அப்ப நீங்க வளத்துத் தாங்களேன். வாய் மட்டும் பேசுனா போதுமா? என் மேல்மாடி சும்மாதான் கெடக்குது," என்றாள் அவள். களனி ஆற்றங்கரையிலிருந்து சாக்கில் மண் ஏறியது. அவர்கள் மேபல் வீட்டுக்கே குடிவந்தார்கள், மொட்டைமாடியில் நாலு பாத்திகள் பிறந்தன. தில்லைநாதன் விளைவித்தார், மேபல் விற்றாள். சிங்களமும் சிலுவைச் சங்கிலியும் உள்ள கிழவியின் கூடையை எந்தச் சோதனைச்சாவடியிலும் கிளறவில்லை. வெள்ளவத்தைச் சாப்பாட்டுக்கடைகள் ஒவ்வொன்றாக அவளிடம் கீரை கேட்கத் தொடங்கின.

வடக்கே யூரியா தடைசெய்யப்பட்ட பொருள். குண்டுக்கு உதவும் என்று தடுத்திருந்தார்கள். ஆறு வருடமாக அதன் வெள்ளையைக் காணாத மனுசனுக்குக் கொழும்புக் கடையொன்றில் அது சீனியைப்போலத் திறந்து கிடந்தது தாங்கமுடியாத காட்சியாக இருந்திருக்கவேண்டும். நாலு பாத்திக்கு இரண்டு பிடி போதும். அவர் முழு மூட்டையே வாங்கினார். தோட்டக்காரன் உரத்தை மூட்டையாகத்தான் வாங்குவான். வழியில் சோதனைச்சாவடியில் மறித்தார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம், தொழில் விவசாயம், இருப்பிடம் கொட்டாஞ்சேனை. "கொட்டஹேனேத் கொவியோ இன்னவத?" என்று கேட்டுச் சிரித்தார்களாம், கொட்டாஞ்சேனையிலும் விவசாயிகள் இருக்கிறார்களா என்று. தோட்டம் மொட்டைமாடியில் என்று அவர் சொன்னபோது சிரிப்பு நின்றதாம். கூடப் பிடிபட்டு வெளியே வந்த ஒருவர் சொன்னது இவ்வளவுதான்.

புதுக்கடை நீதிமன்றச் சட்டத்தரணி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "அக்கா, நாலு பாத்திக்கு ஒரு மூட்டை எண்டால் ஆர் நம்புவினம்? மூட்டைக்கு ஏத்த காணி இருந்தால் காட்டுங்கோ. ஆளை வெளியில எடுக்கலாம்." சிவக்கொழுந்து பஸ்ஸில் திரும்பி வந்து மாடிக்கு ஏறினாள். தண்ணீர்த் தாங்கிக்கு இந்தப் பக்கம் முந்தாநாள் ஒன்றும், நேற்று இன்னொன்றுமாகப் புதுப்பாத்திகள் வரம்போடு கிடந்ததைக் களைப்பின் மயக்கம் என்றே அவள் நினைத்திருந்தாள். இப்போது ஐந்தாறு கிடந்தன. அவள் விதை போட்டாள். கீழே சுவருக்குச் சுவர் கட்டியிருந்த மேபலின் உடுப்புக்கொடி இழுபட்டு அறுந்தது. புதுக்கயிறு வாங்கினார்கள், அடுத்த கிழமை அதுவும் எட்டவில்லை. "ஒன் புருசனுக்குக் காணி வளருதோ இல்லையோ, எனக்குக் கால் வலி வளருது," என்று மேபல் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தெருவிலிருந்து பார்த்தால் வீடு பழைய வீடுதான், பக்கத்து வீடுகளுக்கு நடுவே ஒடுங்கி நின்றது. மேலே, ஒரு கரையில் நின்று பேசினால் மற்றக் கரையில் கேட்காது.

காணி பார்க்க வந்த இன்ஸ்பெக்டர் பொலன்னறுவையில் வயல் செய்தவரின் மகன். படியேறி வந்து, நெடுநேரம் நடந்து, சப்பாத்தில் சேறோடு திரும்பினார். வியப்பு எதையும் காட்டவில்லை. "இரண்டு போகத்துக்கு ஒரு மூட்டை சரி," என்று சிங்களத்தில் சொல்லி, மேபல் தமிழில் சொல்லிமுடிக்கும்வரை காத்திருந்து, இரண்டு பரப்பு, ஏக்கரில் எட்டிலொரு பங்கு, என்று எழுதிக்கொண்டார். விடுவிக்கலாம் என்ற உத்தரவு பத்து நாளில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தடுப்பு முகாமுக்குப் போனபோது, அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவேயில்லை என்றார்கள். மற்ற முகாம்களிலும் அதையே சொன்னார்கள், சில இடங்களில் மரியாதையாக.

காணி சுருங்கவில்லை. அதை என்ன செய்வது என்று சிவக்கொழுந்துக்குத் தெரியவில்லை. மேபலுக்குத் தெரிந்தது. எழுபத்தேழில் தேயிலைத் தோட்டத்திலிருந்து அடித்து விரட்டப்பட்டு, வவுனியாவில் காடு வெட்டிப் பயிர்செய்து, அங்கிருந்தும் ஷெல்லுக்கு ஓடிவந்த இராமர் என்பவரை அவள் மாதா கோயிலடியில் பிடித்து வந்தாள். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து பிள்ளைகளோடு வெளியேற்றப்பட்ட கைருன்னிஸா தானே விசாரித்து வந்தாள். அவளுக்கு எவ்வளவு என்று அளந்து தரவா என்று மேபல் கேட்டபோது, "எங்கள அனுப்பக்குள்ள ஒரு பையோட அனுப்பினாங்க. அளக்க எனக்கு மனசில்ல. மண் இடம் விடுறது போதும்," என்றாள். மண் விட்டது. வந்தவர் கைக்கு ஏற்றபடி பாத்திகள் வந்தன. வெள்ளவத்தைக்கும் கிருலப்பனைக்கும் கீரை ஏற்றிய வான் போனது. கடைக்காரர் "மேபல் கீரை" என்று கேட்டு வாங்கினார்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். குண்டு வெடித்த நாட்களில் பொலிஸார் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு போய் விசாரித்து விடுவித்தார்கள், இவர்கள் திரும்பி வந்து தண்ணீர் மாறினார்கள்.

மேபல் இறந்தாள். ஆணைக்குழுக்கள் வந்து போயின. ஒவ்வொன்றிலும் சிவக்கொழுந்து தில்லைநாதனின் படத்தோடு வரிசையில் இருந்தாள். காணாமற்போனவரின் தொழில் என்ன என்று கேட்பார்கள். "தோட்டம்," என்பாள். எங்கே என்பார்கள். "கொட்டாஞ்சேனையில்." அவர்கள் எழுதிக்கொள்வார்கள். அவள் வீட்டுக்கு வந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வேலையைப் பார்ப்பாள்.

நாலாம் பாத்திக்கு மட்டும் யாரும் தண்ணீர் விடவில்லை. புதிதாய் வருகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அதன் வாயில் தில்லைநாதன் காலால் தள்ளிய மண் அப்படியே கிடக்கிறது. உள்ளே கீரை வாடவுமில்லை, வளரவுமில்லை. அவர் போன அன்றைய அதே நாலு விரல் உயரம்.