ராத்திரிச் சோறு

பரிமளா வீட்டில் ராத்திரிச் சோற்றுக்கு ஒரு சட்டம் இருந்தது. ஜெபம் முடிந்ததும் பிள்ளைகள் ஒரு வேத வசனத்தைத் தப்பில்லாமல் சொல்ல வேண்டும். சொன்னால்தான் தட்டில் சோறு. அவளையும் அவள் அம்மா அப்படித்தான் வளர்த்தாள். மானாம்பதி வயல்களில் நாளெல்லாம் நாற்று நட்டு இடுப்பொடிந்து வருகிற பரிமளாவுக்கு, ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் தன் பிள்ளை கணீரென்று வசனம் சொல்வதைவிட வேறென்ன பெருமை இருக்கிறது?

மூத்தவன் சஞ்சய் சொல்லிவிட்டுச் சாப்பிடுவான். எட்டு வயது எஸ்தர்தான் மானத்தை வாங்கினாள். பாதி வசனத்தில் பல்லியைப் பார்த்து நிற்பாள். பக்கத்து வீட்டு இலவச டிவியில் பாட்டுச் சத்தம் கேட்டால் அங்கே ஓடுவாள். எல்லாம் திமிர் என்று முடிவு கட்டினாள் பரிமளா. அப்பன் சாம்சன், "புள்ள பசியோட தூங்குதுடி, சோறு போடு" என்று கெஞ்சுவான். "நீ சும்மா கெட. செல்லம் குடுத்துக் குடுத்துதான் இப்டி கீது" என்று அவன் வாயை அடைத்துவிடுவாள்.

விளக்கணைத்த பிறகு எஸ்தர் எழுந்து போய்ப் பானைத் தண்ணீரை மடக் மடக்கென்று குடிப்பாள். காதில் விழுந்தும் விழாதவள்போல் பரிமளா புரண்டு படுப்பாள்.

எஸ்தரின் பள்ளிக்கூட வாத்தியார் ராஜாராம், டாக்டரிடம் காட்டும்படி விடாமல் சொன்னதால்தான் பரிமளா அவளைச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தாள். டாக்டரம்மா எஸ்தரோடு வெகுநேரம் பேசினார், விளையாட விட்டுப் பார்த்தார்.

"இதுக்கு ஏ.டி.எச்.டி.ன்னு பேரு. திமிரும் இல்ல, சோம்பலும் இல்ல. அவளே நினைச்சாலும் கவனத்தை ஒரு இடத்துல நிறுத்த முடியாதும்மா."

பரிமளா எஸ்தரைத் திரும்பிப் பார்த்தாள். முடியாதா? முடியாத பிள்ளையையா பட்டினி போட்டேன்?

"மாத்திரை தரலாம். ஆனா அது பசியைக் குறைக்கும். இவ எடை ஏற்கெனவே ரொம்பக் கம்மி. ராத்திரி நல்லா சாப்பிடுவாளா?"

எஸ்தர் முந்திக்கொண்டாள். "எனக்கு ராத்திரில பசியே எடுக்காது டாக்டரம்மா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "அப்போ இப்ப மாத்திரை வேணாம். ஏன் பசிக்கலைன்னு முதல்ல பார்க்கணும்."

சும்மா இருந்தால் மானம் தப்பும். பிள்ளைக்கு மருந்து கிடைக்காமல் போகும். அறை வாசலில் நின்றிருந்த பெண்கள் வேறு உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பரிமளா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"அது பொய் சொல்லுது டாக்டரம்மா. அதுக்கு நல்லாப் பசிக்கும். நான்தான் சோறு போடல. பெத்தவ நான்தான் பட்டினி போட்டேன்." முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள்.

எஸ்தர் ஓடிவந்து அந்த முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்கம்மாவத் திட்டாதீங்க டாக்டரம்மா. அம்மா போடும். நான்தான் வசனம் சொல்ல மாட்டேன்."