உப்பு அலமாரியின் சாவி

அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: டாக்டரம்மா, பூட்டுக்காரர், பூட்டுக்காரரின் மனைவி, துணைக்கு வந்த பூட்டுக்காரரின் அக்கா. பேசியவர்கள் மூன்று பேர். நோயாளியை மட்டும் பேச விடவில்லை.

"பூட்டுக்காரரே, நீங்க மாட்டின பூட்டு மறுபடி இறுகுது. கதவைச் சாத்தினா பூட்டவே முடியல" என்றார் டாக்டரம்மா.

"எண்ணெய் போட்டுத் தர்றேன் டாக்டரம்மா. முதல்ல இவளைப் பாருங்க. எந்நேரமும் அசதி. ஆளும் பாதியா இளைச்சுட்டா."

"அசதியாம் அசதி! பாத்திரம் கழுவுற நேரம் பார்த்துதான் வருது" என்றாள் அக்கா. "வெயிலே படாம கறுத்துட்டும் வர்றா. அதுக்கும் ஒரு சாமர்த்தியம் வேணும்ல?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். மனைவி வாயைத் திறந்தாள். "டாக்டர், எனக்கு உப்பு..."

"அதெல்லாம் எதுக்கு இங்கே?" என்று பூட்டுக்காரர் அடக்கினார். வெறும் உப்பை அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறாள் என்று வெளியே தெரிந்தால் மானக்கேடு. அவரே கேட்டார்: "உப்பைக் குறைக்கிறது நல்லதுதானே? எங்கம்மா ரத்தக் கொதிப்புலதான் போனாங்க."

"யாருக்குமே நல்லதுதான்." டாக்டரம்மா தலை நிமிராமல் சத்து மாத்திரை எழுதினார். "கண்டதையும் நினைச்சுக் கவலைப்படாதம்மா." ரத்த அழுத்தக் கருவி மேசைமேலேயே இருந்தது. வெளியே கூட்டம். அதை யாரும் தொடவில்லை.

அன்றே உப்பு ஜாடி அலமாரிக்குள் போனது. பூட்டுக்காரர் வீட்டில் பூட்டுக்கா பஞ்சம்? சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். கெட்ட எண்ணமில்லை. அம்மாவைப் போல இவளும் போய்விடுவாளோ என்ற பயம்.

"ஏங்க, ஒரு சிட்டிகை போதுங்க. நாக்கு கேட்கல, உடம்பு கேட்குது."

"சின்னப் பிள்ளையா நீ? போய்ப் படு."

பிறகு காய்ச்சல் வந்தது. குடித்த தண்ணீரும் வாந்தியாக வெளியே வந்தது. எழுந்தால் விழுந்தாள். "நல்லா நடிக்கிறா" என்றாள் அக்கா. மறுநாள் காலையில் எவ்வளவு கூப்பிட்டும் அவள் கண் திறக்கவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த மருத்துவர் அவள் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் மை தடவியதுபோல் கறுத்திருந்தன. உதட்டை விலக்கினார். ஈறிலும் கறுப்புத் திட்டுகள்.

"உப்பு ரொம்பக் கேட்டாங்களா?"

அவளுடைய உப்பைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான். பூட்டுக்காரரின் கை தானாக இடுப்புக்குப் போனது.

உப்பு நீரும் மருந்தும் ஏற்றினார்கள். தாமதமாகிவிட்டிருந்தது. மாலைக்குள் எல்லாம் முடிந்தது.

"சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி ரெண்டு சுரப்பி இருக்கு" என்றார் மருத்துவர். "உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே அதை எதிரின்னு நினைச்சு அழிச்சிடுச்சு. அப்போ உடம்புல உப்பு நிக்காது, ரத்த அழுத்தம் இறங்கும், தோல் கறுக்கும். நேரத்துக்குக் கண்டுபிடிச்சிருந்தா, தினம் மாத்திரை போட்டுக்கிட்டு நல்லா வாழ்ந்திருப்பாங்க."

சில வாரங்கள் கழித்து, சொன்ன சொல்லுக்காக, டாக்டரம்மாவின் கதவைச் சரிசெய்யப் போனார் பூட்டுக்காரர். பூட்டைக் கழற்றி எண்ணெய் போட்டு மறுபடி மாட்டிக்கொண்டே நடந்ததைச் சொன்னார்.

"அபூர்வமான நோய்ங்க அது" என்றார் டாக்டரம்மா மெல்ல. "புத்தகத்துல படிச்சதோட சரி."

"படிச்சிருந்தீங்கல்ல?"

டாக்டரம்மா தலை குனிந்தார். "கையைப் பிடிச்சுப் பார்த்திருக்கணும். உங்ககூட பூட்டைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்."

"அவ சொல்லத்தான் வந்தா. நான்தான் வாயை அடைச்சேன்."

அப்போது ஒருவன் தன் மனைவியோடு உள்ளே வந்தான். "இவளுக்கு ஒண்ணுமில்ல டாக்டர், சும்மா எதையாவது சொல்லிக்கிட்டு..."

பூட்டுக்காரர் கடைசித் திருகை முடுக்கிவிட்டு எண்ணெய்க் கையோடு எழுந்தார். "தம்பி, நோவு அவங்களுக்கு. அவங்களே சொல்லட்டும். எவ்வளவு அபூர்வமான நோயும் அசதி, உப்பு வேணும்னு சாதாரணமாத்தான் வந்து நிக்கும். அதைச் சோம்பேறித்தனம், நடிப்புன்னு தள்ளினோம்னா, நோய் கொல்றதுக்கு முன்னாடி நாம கொன்னுடுறோம்."

அவன் முழித்தான். டாக்டரம்மா ரத்த அழுத்தக் கருவியை அருகே இழுத்துக்கொண்டார். "நீங்க வெளியே இருங்க. நீ வாம்மா, எல்லாத்தையும் சொல்லு."

ஆண்கள் இருவரும் வெளியே வந்தார்கள். அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து சாவி திரும்பியது. பூட்டு இறுகாமல் பூட்டிக்கொண்டது.