ஒரு டிஸ்க்குக்கு மட்டும் பாஸ்

ஜெனரேற்றர் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது. மூன்றாம் தரம் ஓடத் தொடங்கியதும் பிரேமிளா கணினிக்குள் பிளொப்பி டிஸ்க்கைத் தள்ளினாள். மல்லாவியிலிருந்த அந்த நிவாரண அலுவலகத்துக்குக் குடும்ப அட்டைப் பட்டியல் போடும் புரோகிராமை எழுதியவள் அவள்தான். வவுனியாவில் ஒரு கணினி நிலையத்தில் ஆறு மாதமாகச் சம்பளமில்லாத பயிலுநர். புரோகிராம் ஓடி, பொறுப்பதிகாரி செல்வநாயகம் கையெழுத்து வைத்தால் வேலை நிரந்தரம்.

திரையில் சின்னதாக ஒரு பெட்டி வந்தது. தேவையான கோப்பு ஒன்றைக் காணவில்லையாம்.

திரும்பவும் அழுத்தினாள். அதே பெட்டி.

"என்ன பிள்ளை, ஓடேல்லையோ?" என்றார் செல்வநாயகம்.

"எங்கட நிலையத்தில ஓடினது ஐயா. மூண்டு மெசினிலயும் ஓடினது. சத்தியமா!"

சொல்லும்போதே விளங்கிவிட்டது. அந்த மூன்றிலும் புரோகிராம் எழுதும் மென்பொருள் இருந்தது. துணைக் கோப்புகள் அதோடு வந்தவை. இங்கே ஒரு மண்ணும் இல்லை. எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் ஐந்து டிஸ்க். கட்டியும் வைத்திருந்தாள், ஐந்தும் வேண்டுமென்று கேட்டும் இருந்தாள். ஆனால் ஆமியின் சோதனைச் சாவடி தாண்டி மல்லாவிப் பக்கம் போகும் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அவர்களின் அனுமதிப் பாஸ் வேண்டும்.

"அஞ்செண்டா மாசக்கணக்கா இழுப்பாங்கள். ஒண்டுக்குத்தான் எழுதிக் குடுத்தனான்," என்றிருந்தார் நிலைய உரிமையாளர் தவராசா. "புரோகிராம் ஓடுதுதானே, அதை மட்டும் கொண்டு போ." ஓடியதைக் கண்ணால் கண்டதால் அவளும் தலையாட்டினாள், மடைச்சி!

செல்வநாயகம் ஏசவில்லை. பேனையை மூடிச் சட்டைப்பையில் செருகினார். "நாங்கள் கையாலயே எழுதுறம் பிள்ளை. நீங்கள் போங்கோ."

இரண்டு நாள் பயணம் செய்து வவுனியாவுக்குத் திரும்பியவளைத் தவராசா இருக்கக்கூடச் சொல்லவில்லை.

"உன்னால என்ர மானம் போச்சு!"

"சேர், அஞ்சும் வேணுமெண்டு நான் சொன்னனான்தானே?"

"வாய் காட்டாத. முதல்ல மல்லாவிக்கு ஒரு கடிதம் அடி."

அங்கே தமிழில் தட்டச்சுச் செய்யத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் சொல்லச் சொல்ல அடித்தாள்.

"எமது பயிலுநரின் கவனயீனத்துக்கு வருந்துகிறோம். அவர் இன்று முதல் வேலையிலிருந்து நீக்கப்பட்டுள்ளார்."

விசைகளிலிருந்து கையை எடுத்தாள். பகிடி விடுகிறாரோ என்று திரும்பிப் பார்த்தாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அவர் எண்டு போட்டா ஆரெண்டு விளங்காது. முழுப்பேர் போடு. ரெண்டு கொப்பி எடு."

கணபதி பிரேமிளா என்று அடித்தாள். அந்தப் பிரிண்டர் எப்போதும் தாளைக் கோணலாக இழுக்கும். அவள் எழும்பிப்போய், கடைசி வரி அச்சாகும்வரை இரண்டு கையாலும் தாளை நேராகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.