சாய்தியின் பெயருக்கு எரித்த தாள்

1

விரலிடுக்கு எரிகிறது. பட்டாலையில் கொதிநீர்த் தொட்டிக்குள் கைவிட்டு பட்டுக்கூட்டின் நூல்முனை தேடியவர்கள் எல்லோருக்கும் இது உண்டு. வேலையை விட்டாலும் எரிச்சல் விடாது. மழை நாளில் பேனாவைப் பிடிக்கவே முடியாது. ஆனாலும் எழுதுகிறேன். இந்தக் கதையை ஏற்கெனவே ஒருவர் எழுதத் தொடங்கிப் பாதியில் போய்விட்டார்.

ஷாங்காயின் சாபேய் பகுதியில் ஆலைச் சங்கு ஊதியதும் பெண்களின் படை

வேண்டாம். இது அவருடைய தொடக்கம் மாதிரி இருக்கிறது. அவருக்குச் சங்கு பிடிக்கும். நாங்கள் அதைத் திட்டுவோம்.

2

நாவலாசிரியர் காவ் ரூலின் எங்கள் சந்தில், படிக்கட்டுக்கு மேலிருந்த பொந்து அறையில் குடியிருந்தார். புரட்சிக்காரர், போலீஸ் தேடுகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம். எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான்.

சாய்தி எனக்கு அடுத்த தொட்டிக்காரி. [பெயரை மாற்றியிருக்கிறேன். ஊரையும் சொல்லமாட்டேன். காரணம் மூன்றாம் பகுதியில்.] காவ் அவளைத் துருவித் துருவிக் கேட்பார்.

"என்ன வாத்தியாரே, பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி கேக்கறீங்க?"

"நாவலுக்கும்மா."

"அதுலயாவது எனக்கு நல்ல சோறு போடுங்க."

(இவளை நான் அதிகம் சிரிக்கவைக்கிறேனோ என்று சந்தேகம். இல்லை, சிரித்தாள்.)

3

நாவல் ஒரு வாரப் பத்திரிகையில் வந்தது. வெந்நீர்க் கடையில் நான் உரக்க வாசிப்பேன். ஒரு வாரம், கதையில், வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு சாய்தி செத்தாள். கடையே, வெந்நீர் வாங்க நின்றிருந்த நிஜச் சாய்தி பக்கம் திரும்பியது.

"அடிப்பாவி, செத்தவளுக்கு எதுக்குடி வெந்நீர்?" என்றாள் கடைக்காரி.

"குளிப்பாட்டத்தான்க்கா!" என்றாள் சாய்தி. எல்லோரும் சிரித்தோம்.

காவ் அவள் முகத்தை மாற்றியிருந்தார், வயதை மாற்றியிருந்தார். பெயரையும் பிறந்த ஊரையும் மட்டும் அப்படியே விட்டுவிட்டார். உண்மைத்தன்மைக்காம்.

ஏழாம் மாதம் வந்தது. [அந்த மாதம் இறந்தவர்களின் செலவுக்குத் தாள் பணம் எரிப்போம். உறைமேல் பெயரும் ஊரும் எழுதவேண்டும், இல்லாவிட்டால் வேறு பேய் வாங்கிக்கொள்ளும்.] கதையைப் படித்து அழுத அடுத்த பேட்டைப் பெண்கள் செத்த தோழிக்கென்று கூடை கூடையாக எரித்தார்கள். பெயர் சரி, ஊர் சரி. பணம் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் சாய்தி கொதிநீரில் மணிக்கட்டுவரை கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"சுடவே இல்லடி."

நான் இழுத்து வெளியே எடுத்தேன். தோல் வெந்திருந்தது. நகக்கண்ணில் சாம்பல் ஒட்டியிருந்தது. பட்டாலையில் சாம்பல் ஏது?

அரிசிக்காரன் அவள் நீட்டிய காசை முகர்ந்து பார்த்துத் திருப்பித் தந்தான். சந்து நாய் அவளைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தியது.

4

இருவரும் காவிடம் போனோம்.

"அங்க, செத்தவங்க ஊர்ல, என் பேர்ல கணக்குத் தொறந்துட்டாங்க வாத்தியாரே. பணம் வந்துருச்சு, ஆள் எங்கன்னு தேடறாங்க. அடுத்த வாரம் நான் பொழச்சுட்டேன்னு எழுதிடுங்க."

"இது மூடநம்பிக்கை, தோழி. நீ செத்தாத்தான் படிக்கறவன் எந்திரிப்பான்."

"எந்திரிக்கட்டும். அதுக்கு என் பேருதான் கெடைச்சுதா? உங்க பேரை வச்சுச் சாகடிச்சிருக்கலாம்ல?"



(நியாயமாகச் சொல்கிறேன்: அந்த அத்தியாயத்தைப் படித்த மாணவர்கள் எங்கள் ஆலை வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். கூலி வெட்டு நின்றது. அவர் சொன்னது பொய்யில்லை. எனக்கு எரிச்சலே அதுதான்.)

சாய்தி தன் கையை மேஜைமேல் வைத்தாள். அவர் தொட்டுப் பார்த்தார். பிணத்தைத் தொட்டவர் மாதிரி உடனே கையை எடுத்துக்கொண்டார்.

"எழுதறேம்மா. நிச்சயமா எழுதறேன்."

எழுத உட்கார்ந்தபோதே போலீஸ் வந்தது. தாளில் "சாய்தி கண்ணைத்" என்று மட்டும் இருந்ததாக அறையைக் கூட்டியவள் சொன்னாள். அவரை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

5

முடிவு ஒன்று: காவ் சிறையில் அத்தியாயத்தை முடித்தார், சாய்திக்குக் கை சுட ஆரம்பித்தது. பொய்.

முடிவு இரண்டு: நெஞ்சுச்சளி முற்றி இறந்தாள், ஆலைப் பெண்கள் பலரையும் போல. டாக்டர் ஒத்துக்கொள்வார். ஆனால் உடல்?

நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். வேலை நடுவில் திரும்பினேன். அவள் தொட்டியில் ஆவி பறந்தது, கூடுகள் உருண்டன, நூல் அறாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஆள் இல்லை. வாசல் காவலாளி யாரும் வெளியே போகவில்லை என்றான்.

இப்போது நான் எழுத உட்கார்ந்தால் எதிரே வந்து நிற்கிறாள்.

"எழுதிட்டியா?"

"என்னன்னு எழுதட்டும், சொல்லேண்டி."

சொல்லமாட்டாள். பிழைத்தாள் என்று எழுத எனக்குத் தைரியமில்லை. எழுதி, வருகிறவள் அவளாக இல்லாவிட்டால்? நீங்கள் வேண்டுமானால் எழுதிப் பாருங்கள். பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

காவ் அவளுக்கு ஓர் அத்தியாயம் கடன்பட்டார். அவர் இல்லை. கடன் இன்னும் அடையவில்லை.