ரொட்டி அக்காவுக்கு ஏற்ற மெஷின்

என் இரண்டு கட்டைவிரல்களும் வலித்தன. நாள் முழுக்க லாண்டரியில் இஸ்திரிப்பெட்டியைத் தள்ளிவிட்டு வந்து, வீட்டுக்காரரின் வலது தோளையும் அழுத்திப் பிடித்துவிட்டால் வேறென்ன ஆகும்? அவர் சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குகிறவர். வருஷக்கணக்காக மூட்டை ஏறிய தோள் அது. தோல் காய்த்துச் செருப்பின் அடிப்பாகம் மாதிரி இருக்கும். ஆனால் வலி மூட்டையால் வந்ததில்லை. மரம் இழைக்கிற இழைப்புளியால் வந்தது.

"கொஞ்சம் கீழ. இன்னும் கீழ. ஆங், அங்கதான்."

"நேத்து வேற எடத்தைக் காட்டி அங்கதான்னு சொன்னீங்க."

"வலி என்ன சொந்த வீட்லயா குடியிருக்கு, ஒரே எடத்துல இருக்க?"

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை உண்டு. அதுதான் அவருடைய பட்டறை. கிடங்கில் உடைத்துப் போடும் பெட்டிப் பலகைகளைக் கேட்டு வாங்கி வருவார். ஒன்று ஒரு விரல் தடிமன், இன்னொன்று ஒன்றரை விரல், எல்லாமே கைவைத்தால் சிராய் ஏறும் சொரசொரப்பு. ஆணி பிடுங்கி, இழைத்து, ஸ்டூலோ அலமாரியோ செய்வார். குடி கிடையாது, சீட்டு கிடையாது. மற்றவர்கள் சாயங்காலம் எங்கெங்கோ போய் மறக்கிற உடம்பு அலுப்பை இவர் மரத்தூளில் மறப்பார். எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு நாலு காலும் சட்டமும் எப்போதோ தயார். மேல்பலகைதான் இல்லை. அந்தச் சட்டத்தில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

பலகையைக் கையால் இழைப்பதற்கு உடம்பு மொத்தத்தையும் கொடுத்து ஒரே மூச்சில் தள்ள வேண்டும். இவர் அப்படித் தள்ளமாட்டார். காரணம், கொட்டகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு ரொட்டி அக்காவின் படுக்கையறை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அக்கா ராத்திரி முழுக்க ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசைகிறவள். காலையில் வந்து படுத்தால் சாயங்காலம் வரை தூங்க வேண்டும். இவர் விடியுமுன்பே கிடங்குக்குப் போய் மத்தியானம் திரும்புகிறவர். அவள் தூங்கும் நேரம்தான் இவர் இழைக்கும் நேரம்.

அதனால் பட்டறை மேஜையின் கால்களுக்கு அடியில் பழந்துணி மடித்து வைத்தார். சுவரில் சாக்கு தொங்கவிட்டார். இழைப்புளியைப் பச்சைப் பிள்ளையைத் தடவுவது மாதிரி, தள்ளும்போதே இழுத்துப் பிடித்துத் தள்ளினார். பாதியில் நிறுத்துவார், காது கொடுத்துக் கேட்பார், மறுபடி தள்ளுவார். தள்ளுகிற கையே பிரேக்கும் போட்டால் தோள் என்ன செய்யும்? வீங்கிக்கொண்டது.

டாக்டர் சொல்லிவிட்டார். "மூட்டையா, மரமா, ரெண்டுல ஒண்ணை விடுங்க."

மூட்டையை விட்டால் அடுப்பு எரியாது. மெஷின் வாங்குங்கள் என்று நான்தான் சொன்னேன். மேஜைமேல் வைக்கிற அளவில் இழைக்கும் மெஷின் கிடைக்கிறதாம். பலகையை ஒரு பக்கம் கொடுத்தால் உருளையே இழுத்துக்கொண்டு போய், மறுபக்கம் ஒரே தடிமனில் வழவழவென்று தள்ளிவிடுமாம். அதற்கென்று இரண்டு பேரும் சேர்த்துவைத்த பணமும் இருந்தது. கடைக்குப் போய்ப் பார்த்தவர் முகம் தொங்கத் திரும்பி வந்தார்.

"விமானம் கெளம்புற மாதிரி கத்துது. அக்கா தூங்கின மாதிரிதான்."

அதற்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஒருநாள் நான் வேலைவிட்டு வரும்போது கொட்டகையைப் பெருக்கி, உளிகளுக்கு எண்ணெய் தடவிச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் சாமான் கட்டுவது மாதிரி இருந்தது எனக்கு. நேராகப் பின்பக்க மதிலுக்குப் போய் அக்காவைக் கூப்பிட்டு, உள்ளதை உள்ளபடி சொன்னேன்.

"இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டுத் திரியுது என் தம்பி?" என்றாள். "என்னையும் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. தூங்கப் போறவ நான். எந்தச் சத்தம் தாங்கும்னு நான்தான சொல்லணும்?"

என் விடுமுறை நாளில் இவரும் கிடங்குக்கு லீவு சொல்லிவிட, காலையிலேயே மூன்று பேரும் போனோம். அக்கா வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். காது மடலிலும் புருவத்திலும் மாவு ஒட்டியிருந்தது. இவர் தன் பெட்டிப் பலகைகளில் சிலதைக் கயிறு கட்டி இடது தோளில் வைத்துக்கொண்டு வந்தார். கடைக்காரர் வைத்திருக்கும் நல்ல மரத்தில் எந்த மெஷினும் நன்றாகத்தான் இழைக்கும் என்பது அவர் கணக்கு.

கடைக்காரர் பலகைகளைப் பார்த்ததும் பதறினார். "அண்ணே, பெட்டி மரமா? ஒரு ஆணி இருந்தாப் போதும், மரத்தைச் சீவுற தகடு அத்தனையும் போச்சு."

இவர் சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் காட்டினார். "மூணு தடவை தேய்ச்சுப் பாத்துட்டேன். வேணும்னா நீங்களும் தேய்ங்க."

ஓரத்தில் பிளைவுட் அடுக்கி வைத்திருந்தார்கள். அக்கா அதன்மேல் ஏறி உட்கார்ந்து, மெஷின்களுக்கு முதுகைக் காட்டிக் கண்ணை மூடிக்கொண்டாள். "போடுங்க."

முதலாவது சின்னது, விலையும் சின்னது. இவர் ஒற்றைக் கையால் தூக்கிப் பார்த்து, "இதுக்கு எதுக்கு மூட்டைக்காரன்?" என்று வைத்துவிட்டார். ஓடவிட்டபோது மேஜையில் நடுங்கியது. வெளியே வந்த பலகையின் கடைசி நாலு விரற்கடை மட்டும் பள்ளமாக இருந்தது.

"கடிச்சு வச்சிருக்கே?"

"அந்தப் பக்கம் ஒரு ஆளு பலகையை லேசாத் தூக்கிப் பிடிச்சா கடிக்காதுண்ணே."

இவர் என்னைப் பார்த்தார். "என் கட்டைவிரல்கிட்ட கேட்டுக்குங்க" என்றேன்.

அக்கா கண்ணைத் திறக்காமலே சொன்னாள். "வேணாம். பல்லு கூசுது."

இரண்டாவதாகக் கடைக்காரர் காட்டியது கடையிலேயே உசத்தி. தகட்டுக்குப் பதில் உருளையைச் சுற்றிச் சின்னச் சின்னச் சதுரப் பற்கள். சத்தம் பாதிகூட இல்லை, பலகை கண்ணாடி மாதிரி வந்தது. இவர் உள்ளங்கையால் அதைத் தடவிக்கொண்டே விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இது நல்லாருக்கே" என்றாள் அக்கா.

"விலையைச் சொன்னா இது நின்னுட்டிருந்தாலே தூக்கம் வராதுக்கா."

மிச்சம் இருந்தது மூன்றாவது. நாலு தூண், மூன்று தகடு, ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். தூக்குவதற்கு இவருக்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது, முகம் மலர்ந்தது. கனம் என்றால் இவருக்கு ஒரு மரியாதை. ஆனால் பொத்தானை அழுத்தியதும் கடையே அதிர்ந்தது. இவர் அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டே பலகையைக் கொடுத்தார். ஒன்று போனது, அடுத்தது போனது. கொண்டுவந்த அத்தனையும் ஒன்றன் வாலைப் பிடித்து ஒன்றாகப் போய் வந்தன. நான் மறுபக்கம் நின்று நுனியைத் தூக்கிப் பிடித்தேன். கடி இல்லை. சுருள்கள் என் கால்மேல் குவிந்தன. பலகை நல்லாருக்கு என்று ஜாடை காட்டினேன். இவர் உதட்டைப் பிதுக்கிச் சுவிட்சை அணைத்தார்.

"ஏன் நிறுத்தினே?"

அக்கா. திரும்பிப் பார்த்தோம். பிளைவுட்மேல் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். கன்னத்தில் பலகை விளிம்பு பதிந்த கோடு.

"தூங்கிட்டீங்களாக்கா?" என்றேன்.

"நல்லாத் தூக்கம் வந்துச்சு. அதுக்குள்ள நிறுத்திட்டான்."

இவருக்கு நம்பிக்கையில்லை. "ராத்திரி பூரா வேலை பாத்த அசதி. எதுல வேணா தூங்கிருப்பீங்க."

"மொதல் மெஷின்ல தூங்கினேனா? எங்க மாவு மெஷினும் இப்படித்தான் ஒரே மாதிரி ஓடும். அது பக்கத்துல மூட்டைமேல சாஞ்சு தூங்கிப் பழகின ஒடம்பு இது. சத்தம் என்னை எழுப்பாது தம்பி. நின்னு நின்னு வந்தாத்தான் எழுப்பும்." கொட்டாவி விட்டுவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னாள். "உன் கை இழைப்பு மாதிரி."

"என் கை இழைப்பா?"

"பின்ன? சர்ருன்னு ஒரு தள்ளு. அப்புறம் சத்தத்தையே காணோம். நான் அடுத்தது எப்ப வரும்னு காத்துட்டுப் படுத்திருப்பேன். கண்ணு சொருகுற நேரம் பாத்து மறுபடி ஒரு சர்ரு. அப்புறம் சுத்தியலால டொக்கு டொக்குன்னு ரெண்டு தட்டு. நீ இந்த வேலையை ஆரம்பிச்ச நாள்லேருந்து நான் மத்தியானத்துல முழுசாத் தூங்கினதில்ல."

கடைக்காரர் விலைச்சீட்டை நேர்செய்கிற சாக்கில் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சொல்லிருக்கலாமேக்கா" என்றார் இவர்.

"எதைச் சொல்ல? மூட்டை தூக்கிட்டு வர்றவன், ஏதோ மனசுக்குப் புடிச்சதைச் செய்யறான். அதையும் கெடுக்கவான்னு விட்டுட்டேன்."

சாக்கும் பழந்துணியும் இழுத்துப் பிடித்த தோளும் அவர் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடியதை நான் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்து முடியவில்லை.

"உங்க தூக்கத்துக்காகத்தான்க்கா இந்த மனுஷன் தோளைக் கெடுத்துக்கிட்டாரு! அதுக்கு மேல என் கட்டைவிரல்!"

விஷயம் புரிய அக்காவுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் இவர் முதுகில் ஓர் அறை வைத்தாள், நல்லவேளை இடது பக்கம். "லூசுப் பயலே. ஒழுங்காத் தள்ளிருந்தா நானும் தூங்கிருப்பேன், உன் தோளும் பொழச்சிருக்கும்."

மூன்றாவதை வாங்கினோம். வீட்டில் கொட்டகை வரைக்கும் ஒரு பக்கம் இவர், மறுபக்கம் அக்கா பிடித்தார்கள். அக்காவுடையது மாவு மூட்டை தூக்கும் கை, மூச்சு வாங்கவில்லை.

அக்கா கால் கழுவும் சத்தம் கேட்டதும் இவர் சுவிட்சைப் போட்டார். அப்படித்தான் பேசி வைத்திருந்தோம். படுக்கும்போதே ஓடிக்கொண்டிருக்க வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது. இவர் கொடுக்கக் கொடுக்க நான் வாங்கினேன். பலகை தீரும் நேரத்தில் முதலில் இழைத்ததையே இன்னொரு மயிரிழை குறைத்து மறுபடி கொடுத்தார். மேஜைப் பலகைக்கு வேண்டியது முடிந்த பிறகும் நிறுத்தாமல் இழைத்தோம். மோட்டார் சூடேறியதும்தான் அணைத்தார். சுவரில் காதை வைத்துக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். குறட்டை. மூட்டை இறக்கும் லாரி மாதிரி ஒரு குறட்டை.

அன்று ராத்திரி அவர் தோளைப் பிடித்துவிடச் சொல்லவில்லை. கீழே உட்கார்ந்து என் கட்டைவிரல்களைப் பிடித்துவிட்டார். பிடிக்கத் தெரியவில்லை, ஆனாலும் பேசாமல் இருந்தேன்.

இப்போது மேஜை முடிந்துவிட்டது. துணி காயப்போட வேறு இடம் தேட வேண்டியிருக்கிறது. முதல் நாள் அக்காவையும் கூப்பிட்டோம். அவள் மேஜையைக் கையால் தடவிப் பார்த்தாள். "நல்லாருக்கு. ஆனா எனக்கு ஒரு கணக்கு பாக்கி இருக்கு தம்பி. அத்தனை வருஷத் தூக்கம்."

"சொல்லுங்கக்கா."

"என் கட்டில் இரும்புக் கட்டில். நடுவுல குழி. திரும்பிப் படுத்தா கத்துது. அதுவும் நின்னு நின்னு கத்துது."

இவர் அப்போதே டேப்பை எடுத்துக்கொண்டு போய் அளந்து வந்தார். பலகை இழைத்துச் சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. நடுவில் கிடங்கில் சரக்கு அதிகமாகிவிட்டது, தோளும் முழுக்க ஆறவில்லை. அக்காவுக்கு ஒரு கட்டில் இன்னும் பாக்கி.