முப்பத்தாறு டிகிரி

வியாழக்கிழமை காலை மேனேஜர் ஓவனின் பக்கச் சுவரை எட்டு இடத்தில் சுட்டார். வெப்பத் துப்பாக்கியால்தான். விசையை அழுத்தினால் சுவரில் சிவப்புப் புள்ளி விழும், சின்னத் திரையில் எண் வரும். எட்டு இடத்திலும் முப்பத்தைந்து, முப்பத்தாறு. நாற்பதை ஒன்றுகூடத் தொடவில்லை.

"பாத்துக்குங்க மேடம். காய்ச்சல் வந்த குழந்தைகூட இதைவிடச் சூடா இருக்கும். இதுல கை வச்சாராம், உள்ளங்கை பூரா வெந்துடுச்சாம். யார் காதுல பூ சுத்துறாரு?"

நான் தலையாட்டினேன். இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எங்கள் தொழிற்சாலையில் இரும்பு பீரோ செய்கிறோம். பெயின்ட் அடித்த கதவுகளை ஒரு தள்ளுவண்டியில் தொங்கவிட்டு, அறை அளவு பெரிய ஓவனுக்குள் தள்ளி, இருநூற்றிருபது டிகிரியில் வேகவைக்க வேண்டும். அதைத் தள்ளுகிறவர் ஓவன்காரர். பதினொரு வருடமாக அதே வேலை. புதன்கிழமை மதியம் ஓவனுக்குப் பக்கத்தில் வண்டிச் சக்கரம் சிக்கிக்கொண்டது, கால் வழுக்கியதும் வலது கையைச் சுவரில் ஊன்றினேன், அது சுட்டுவிட்டது என்கிறார். மேனேஜர் நம்பவில்லை. ஆறும்வரை பொறுக்காமல் கதவைத் திறந்து சூடான வண்டியைப் பிடித்திருப்பார் என்கிறார். நேரத்துக்கு முன் கதவைத் திறந்தால் வேலை போகும் என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. சனிக்கிழமை விசாரணை.

என் வேலை வெப்பக் கணக்கு. எந்தச் சுவருக்குள் சூட்டைத் தடுக்க எவ்வளவு தடிமனில் பஞ்சு, வெளிப்பக்கம் எவ்வளவு சூடு வரும், இதுதான் பதினேழு வருடமாக. "சும்மா இருக்கிற சூட்டை ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்கு மாத்தி விடுறதுக்குச் சம்பளமா? எங்கம்மா இதை இலவசமாவே செய்வாங்களே" என்பார் என் வீட்டுக்காரர். முதல் வருடம் சிரித்தேன். இப்போது சிரிக்கத் தெம்பில்லை. சூடு என்றாலே அலுப்பாக வருகிறது.

நான்கு மாதம் முன்பு ஓவனின் வெளித்தகட்டில் பெயின்ட் உரிந்து, செதில் பறந்து பீரோக் கதவுகளில் ஒட்ட ஆரம்பித்தது. பழைய தகட்டைக் கழற்றிவிட்டுப் பளபளவென்று அலுமினியத் தகடு போடலாமா, வெப்பக் கணக்குப்படி சரியா என்று கேட்டார்கள். அன்றைக்கு என் மேசையில் அப்படி ஒன்பது காகிதம் கிடந்தது. பழைய கணக்கைத் திறந்தேன். அலுமினியம் சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதால் கடத்தல் எண்ணை மாற்றினேன், தடிமனை மாற்றினேன். விடை அதே ஐம்பத்துநான்கு டிகிரி. தொட்டால் சுடும், ஆனால் கையை எடுத்துக்கொள்ள நேரம் இருக்கும். கையெழுத்துப் போட்டு அடுத்த காகிதத்துக்குப் போனேன்.

தகடு மாற்றிய வாரமே ஓவன்காரர் என்னிடம் வந்தார்.

"மேடம், புதுத் தகடு ரொம்பச் சுடுதே. முன்ன இப்படி இல்ல."

நான் துப்பாக்கியை எடுத்துப்போய் அவர் முன்னாலேயே காட்டினேன். முப்பத்தாறு. "நம்ம உடம்புச் சூடுகூட இல்லண்ணே. புதுசா இருக்கிறதால அப்படித் தோணுது" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், அவரும் சிரித்துவிட்டுப் போனார். கணக்கு ஐம்பத்துநான்கு சொல்ல, துப்பாக்கி முப்பத்தாறு காட்டுகிறதே என்று எனக்கு உறைத்திருக்க வேண்டும். பதினெட்டு டிகிரி குறைவு என்றால் நல்லதுதானே என்று விட்டுவிட்டேன். கெட்ட செய்தி என்றால் பத்து முறை சரிபார்ப்பேன். இது நல்ல செய்தி.

வியாழன் சாயங்காலம் வீட்டில் நாத்தனார் சாப்பாட்டு மேசை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி வைத்திருந்தாள். ஒரு மருத்துவமனையின் பாய்லர் அறையில் வேலை. பதவி உயர்வுக்காக முப்பத்தெட்டு வயதில் பரீட்சை எழுதுகிறாள், இது இரண்டாவது முறை.

"அண்ணி, ஒரே ஒரு கணக்கு. உங்களுக்கு அஞ்சு நிமிஷம்."

"என் உசிரை வாங்காத. இப்பதான் செருப்பைக் கழட்டுறேன்."

"கடத்தல், சலனம், கதிர்வீச்சு மூணும் ஒரே கணக்குல வருது அண்ணி. எனக்கு மண்டை காயுது. நீராவிக் குழாய். முதல்ல பெயின்ட் அடிச்ச தகடு, அப்புறம் பளபளப்பான தகடு. ரெண்டாவதுலதான் வெளிப்பக்கம் சூடு கூட வருது. எங்கயோ தப்பு பண்ணிட்டேன்."

"தப்பில்ல. கூடத்தான் செய்யும்" என்றேன், பையைக்கூட இறக்காமல். "உள்ளேர்ந்து கடத்தலா வர்ற சூடு, வெளியில பாதி காத்தோட போகும், பாதி கதிர்வீச்சாப் போகும். பளபளப்பான தகடு கதிர்வீச்சா விடாது. பாதி வழி அடைஞ்சு போச்சுன்னா அது சூடாத்தானே கிடக்கணும்?"

சொல்லி முடித்ததும் ஓவனின் அலுமினியத் தகடு நினைவுக்கு வந்தது. அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன அண்ணி? தண்ணி வேணுமா?"

அவளுடைய நோட்டைப் பிடுங்கினேன். மடிக்கணினியைத் திறந்து பழைய கணக்கைப் பார்த்தேன். ஒரு பரப்பு சூட்டைக் கதிர்வீச்சாக எவ்வளவு தாராளமாக விடும் என்பதற்கு ஒரு எண் உண்டு. பெயின்ட் அடித்த தகட்டுக்கு 0.9. பளபளக்கும் அலுமினியத்துக்கு 0.08. என் கணக்கில் 0.9 அப்படியே உட்கார்ந்திருந்தது. ஒரு மண்ணுக்கும் உதவாத கடத்தல் எண்ணை அக்கறையாக மாற்றியிருக்கிறேன், மாற்ற வேண்டியதைத் தொடவே இல்லை.

நோட்டின் பின்பக்கத்தில் புதிதாகப் போட்டேன். வெளிப்பக்கம் அறுபது என்று யூகித்தேன். உள்ளேயிருந்து வருவது அதிகம், வெளியே போவது குறைவு. எழுபது என்று வைத்தேன். இப்போது போவது அதிகம். அறுபத்தொன்பதில் இரண்டும் ஒத்துவந்தன. அறுபத்தொன்பது டிகிரியில் இருக்கிற உலோகத்தில் முழு எடையோடு உள்ளங்கையை ஊன்றினால் ஒரு நொடி போதும்.

துப்பாக்கி ஏன் முப்பத்தாறு என்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. அது சுவரைத் தொடுவதில்லை. வருகிற கதிர்வீச்சைப் பார்த்துச் சூட்டைச் சொல்கிறது. பளபளக்கும் தகடு தன் சூட்டை விடாது. எதிரே இருப்பதைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும். நான்கு மாதமாக அந்தத் துப்பாக்கி எங்களுக்கு எதிர்ச்சுவரின் சூட்டைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கணக்கில் நான் விட்ட அதே இடத்தில்தான் துப்பாக்கியும் ஏமாந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை ஓவன் சூடேறும்வரை காத்திருந்து, எலக்ட்ரீஷியனிடம், பெயின்ட் மாதிரியே சூட்டைக் கதிர்வீச்சாக விடுகிற கறுப்பு டேப் வாங்கிச் சுவரில் ஒரு விரல் நீளம் ஒட்டினேன். டேப்பின் மேல் சுட்டதும் அறுபத்தெட்டு. பக்கத்தில் வெறும் தகட்டில் சுட்டேன், முப்பத்தாறு. ஆறு முறை மாற்றி மாற்றிச் சுட்டுவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டு வந்து காட்டினேன்.

"கறுப்பு டேப்பை ஒட்டினா எல்லாமே சூடாத்தான் காட்டும் மேடம்."

"அப்போ உங்க மேசையில ஒட்டிப் பாக்கலாம் வாங்க சார்."

அவர் அறைக்குப் போய் மேசையில் ஒட்டினேன். டேப்பிலும் இருபத்தொன்பது, மரத்திலும் இருபத்தொன்பது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். கெட்ட மனிதர் இல்லை. அவரும் என்னைப் போலக் களைத்தவர்தான்.

"மேடம், அவர் நேத்து சாயங்காலமே எழுதிக் குடுத்துட்டார். கதவைத் திறந்தது நான்தான்னு. ஒத்துக்கிட்டா மூணு நாள் வீட்டுல இருந்துட்டு வேலைக்கு வரட்டும்னு மேல பேசி முடிச்சிருக்கேன். இப்பப் போய் சுவருதான் சுட்டுச்சுன்னா, ஓவனை நிறுத்தணும், தகட்டைக் கழட்டணும், உங்க கையெழுத்து வெளிய வரும். எதுக்கு இதெல்லாம்?"

உண்மையைச் சொல்கிறேன், ஒரு நிமிடம் எனக்கு அது சரியாகத்தான் பட்டது. ஓவன்காரருக்கு வேலை போகவில்லை. எனக்கும் போகாது. பேசாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம். அப்புறம்தான், செய்யாததை அவர் ஏன் எழுதிக் கொடுத்தார் என்று தோன்றியது. கோபம் வந்தது, பெரும்பாலும் என் மேல்.

"ஓவனை நிறுத்துங்க சார். அது இன்னும் அறுபத்தெட்டுலதான் நிக்குது. நான் எழுதித் தர்றேன்."

கணக்கில் தவறு என்னுடையது, ஓவன்காரர் சொன்னது உண்மை என்று ஒரு பக்கம் எழுதி மேனேஜர் மேசையில் வைத்தேன். அவர் படித்தார், பெருமூச்சு விட்டார், ஓவனை நிறுத்தச் சொல்லி ஃபோன் செய்தார்.

ஓவன்காரர் வாசலுக்குப் பக்கத்தில் சைக்கிள் நிறுத்தும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்திருந்தார். மூன்று நாள் விடுப்புக்கான காகிதத்தை வாங்க வந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். 0.9, 0.08 எல்லாம் சொல்லவில்லை. சுவர் அறுபத்தெட்டு, துப்பாக்கி காட்டியது தப்பு, தகடு போடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டது நான். அவ்வளவுதான்.

அவர் மடியில் இருந்த கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ சுவருதான் சுட்டுதா மேடம்?"

"ஆமாண்ணே."

"நீங்க அன்னிக்கே முப்பத்தாறுன்னீங்க. சாரும் அதையேதான் சொன்னார். வீட்டுலயும் 'மெஷின் பொய் சொல்லுமா, நெஜத்தைச் சொல்லு'ன்னு ரெண்டு நாளா ஒரே சண்டை. கேட்டுக் கேட்டு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. கதவைத்தான் திறந்தேனோ, பயத்துல மறந்துட்டேனோன்னு. அதான் எழுதிக் குடுத்துட்டேன்."

கையை வேகவைத்தது போதாது என்று, அந்தக் கை சொன்னதையே அவர் நம்பாதபடி செய்திருக்கிறோம்.

"மேடம், ஒரு உதவி. வீட்டுக்கு ஃபோன் போட்டு நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்களேன். நான் சொன்னா எடுபடாது."

எண்ணைச் சொன்னார். போட்டேன். அவருடைய மனைவி எடுத்தார். நான் யார் என்று சொல்லிவிட்டு, அவர் கதவைத் திறக்கவில்லை, சுவர்தான் சுட்டது, தவறு என்னுடையது என்றேன். மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"நான் அவரைப் பொய்யன்னுட்டேன் மேடம். ரெண்டு நாளா சரியா சோறுகூடப் போடல."

"உங்க மேல தப்பில்லைங்க. எங்க மேலதான்."

"தகடு மாத்துனப்பவே சுடுதுன்னு உங்ககிட்ட வந்து சொன்னேன்னாரே. நெஜமாவா?"

"நெஜந்தாங்க."

"அப்ப நீங்க ஒரு தடவை தொட்டுப் பாக்கலையா மேடம்?"

அவர் குரலில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். ஓவன்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க" என்றேன்.